பத்துக்கு எத்தனை

பில்லிங் கவுண்டரில்தான் எனக்கு வேலை.
தமிழ் நோயாளி வந்தால் மட்டும்
மூன்றாம் அறைக்குக் கூப்பிடுவார்கள்.
அங்கே நான் வெறும் வாய்.
அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது.

இன்று வெயிலுமுத்து. வயது நாற்பத்தொன்று.
ஷார்ஜா, சஜ்ஜா கேம்ப். சாரம் கட்டுகிறவர்.
இடுப்பைச் சுவருக்குக் கொடுத்து நிற்கிறார்.
உட்காரச் சொன்னால்
"உட்கார்ந்தா எந்திரிக்கணுமே" என்கிறார்.

டாக்டர் ஹிஷாம் கேட்டார்:
வலி, பத்துக்கு எத்தனை?

கேட்டுச் சொன்னேன்.
வெயிலுமுத்துவிடம் எண் இல்லை.

விடியக்காலம் கட்டிலை விட்டு இறங்கையில சுள்ளுங்குது.
பத்து மணிக்கு மேல கடுக்குது.
பஸ்ஸுல உளையுது.
முதுகுல புடிச்சுக் கெண்டைக்கால் வரைக்கும்
யாரோ கம்பியை முறுக்கிக் கட்டுற மாதிரி.
கட்டைவிரல் மட்டும் மரத்துப்போயி
என்னுதா அடுத்தவனுதான்னு தெரியலை.
மேல்கட்டில்ல ஏற முடியலைன்னு
பீகார்க்காரனுக்கு மாசம் முப்பது திர்ஹாம் கொடுத்து
கீழ்க்கட்டில் வாங்கியிருக்கேன்.
அவன் மேல புரண்டா எனக்கு இங்க விண்ணுங்குது.

டாக்டரின் பேனா காத்திருந்தது.
எட்டு, என்றேன்.
நானாகச் சொன்னதுதான்.
ஏழு என்றால் மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள்.
ஒன்பதை யாரும் நம்புவதில்லை.

திரையில் அவர் இடுப்பு,
கறுப்பில் மிதக்கும் இரண்டு வெள்ளைப் பந்துகள்.
இடது உருண்டை. வலது நசுங்கியிருந்தது.
முதுகில் வட்டும் பிதுங்கியிருக்கிறது, அது பிறகு.
முதலில் இது. ரத்த ஓட்டம் இல்லை.
எலும்பு செத்துவிட்டது என்றார் டாக்டர்.

நின்றுகொண்டிருக்கும் ஆளிடம்
அதை எப்படிச் சொல்ல?
"காஞ்சு போச்சாம்" என்றேன்.
"தண்ணி ஊத்துனா துளிர்க்குமா?"

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.
புது மூட்டு எத்தனை வருஷம் தாங்கும்?
பதினைந்து, இருபது.
அதுக்கப்புறம்?
திரும்பவும் மாற்றலாம்.
குந்தலாமா? கூடாது.
தரையில் சம்மணம்? கூடாது.
சாரம்?
டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.
அதற்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முதுகையும் அறுத்தா கால் விளங்காமப் போயிருமா?
அபூர்வம்.
அபூர்வம்னா எங்க கேம்ப்புல எத்தனை பேருக்கு?
ஏர்போர்ட்ல இரும்பு கத்துமா?
கத்துனா சட்டையைக் கழட்டச் சொல்வாங்களா,
இல்லை, விசாவையா?

கடைசியாக, குரலைத் தாழ்த்தி:
"கம்பெனி காசுல போட்டா
கேன்சல் பண்றப்ப திருப்பிக் கேப்பாங்களா?
ஹெல்மெட்டு, பூட்ஸு, போர்வை
எல்லாத்தையும் எண்ணி வாங்கிட்டுத்தான்
பாஸ்போர்ட்டைக் கையில தர்றாங்க."

வேடிக்கைக்குச் சொன்ன முகம் இல்லை.
இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.
டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நெடுநேரம் துடைத்தார்.
அது அவருடையது என்று சொல், என்றார்.

"உங்களுதுதான்."
"எழுதித் தருவாங்களா?"

கவுண்டருக்குத் திரும்பி
என் சொந்த மொழியில் உட்கார்ந்தேன்: குறியீட்டு எண்கள்.
அவர் அட்டை எந்த ரகம் என்று
அவரைவிட எனக்குத் தெரியும்.
அனுமதி கேட்டு அனுப்பினேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து,
ஓட்டை வழியே கேட்டார்:
"கிடைச்சிருமா தங்கச்சி? பத்துக்கு எத்தனை?"

மாத்திரைச் சீட்டை மடித்து நீட்டினேன்.
சாப்பிட்டபின் என்றேன்.

நாற்பது மாடிக்குக் குழாய் ஏற்றியவருக்கு
நர்ஸ் ஷைனி மூன்று மரப்படி வைத்துப்
பாடம் எடுத்தாள்:
ஏறும்போது நல்ல கால் முன்னே,
இறங்கும்போது நொந்த கால்.

கேம்ப் பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம்.
ஊன்றுகோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு
எந்தக் கால் என்று அவர் யோசிப்பது
இங்கிருந்தே தெரிந்தது.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
டோக்கன் அறுபத்திரண்டு, என்று கூப்பிட்டேன்.